விருந்தும் காட்சியும்

பிரயாணம் மனிதனின் அறிவை விரிவுறச் செய்யும் என்பது யாவரும் ஒப்புக்கொண்ட கருத்தாகும். புதியதொரு மலையைக் காண்பதனாலோ புதியதொரு கடற்கரையைக் காண்பதனாலோ எவருக்கும் தீங்கு நேர்வதில்லை. தன்னைப் பலர் பார்க்கின்றனர் என்று மலை நாணுவதில்லை; தன் வறுமையை மறைக்கக் கடல் முயல்வதுமில்லை. ஆயின், பிரயாணியின் நாட்டம் மலையையும் கடலையும் கடந்து அவற்றின் அருகே வாழும் மக்கள்மீது செல்லும்போது அறவியல் சார்ந்த வினாவொன்று தோன்றிவிடுகின்றது. தமிழிலே 'பார்க்கப் போதல்' என்னுந் தொடர் இருவகையாக வழங்குகின்றது. நோயுற்ற மாமனைப் பார்க்கப் போவதும் அதுவே. கூண்டில் அடைபட்ட புலியைப் பார்க்கப் போவதும் அதுவே. முன்னையது விருந்தின்பாற்படும், பின்னையது காட்சியின்பாற்படும். ஓர் இனத்தாரை அவர்தம் ஊருக்கே சென்று, வழிகாட்டி ஒருவரின் துணையோடு, ஒரே நாளிற் பார்த்துத் திரும்பும் பிரயாணம் இவ்விரண்டனுள் எதனைச் சாரும் என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இத்தகைய பிரயாணங்கள் இன்று உலகெங்கும் நிகழ்கின்றன. மொறோக்கோ நாட்டின் மராகேஷ் நகரிலிருந்து காலையிற் புறப்படும் உல்லாசப் பிரயாணிகள் அற்லஸ் மலைப் பள்ளத்தாக்குகளை அடைந்து, பேர்பர் இனத்தவரின் வீடொன்றிற் புதினாத் தேநீர் அருந்தி, மாலையில் நகருக்கு மீள்கின்றனர். அம்மக்கள் தம்மை அமாசிக் என்றே அழைத்துக்கொள்வர். பேர்பர் என்பது பிறர் இட்ட பெயர். இலங்கையிலும் இதற்கு நிகரானதோர் ஊர் உண்டு. பதுளை மாவட்டத்தில் மகியங்கனையை அடுத்துள்ள தம்பானை, வேடர் குடியிருப்பு என்ற வகையிற் பெயர்பெற்றது. வேடர் என்பதும் பிறர் வழங்கும் பெயரே. காட்டில் வாழ்வோர் எனப் பொருள்படும் வன்னியல எத்தோ என்பதே அவர்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயர்.

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய லிங்கநகரிலிருந்து தம்பானைக்கு ஒருநாட் பிரயாணம் செல்லும் குடும்பமொன்றைக் கற்பனை செய்து பார்க்கலாம். பொழுது புலருமுன் வான் புறப்படுகின்றது. சோற்றுப் பொதிகள் ஏற்றப்பட்டுள்ளன. கந்தளாய், ஹபரணை, பொலன்னறுவை எனப் பாதை நீள்கின்றது. நாளின் பெரும்பகுதி வீதியிலேயே கழிகின்றது. வேடர் எவ்வாறு உடுத்திருப்பர், எவ்வாறு கை பற்றி வரவேற்பர் என்பவற்றை வழிகாட்டி முன்னதாகவே சொல்லிவிடுகின்றார். அங்கே சென்றதும் சொன்னவாறே யாவும் நிகழ்கின்றன. தோளிற் கோடரி தாங்கியோர் முன்னங்கையைப் பற்றி வரவேற்கின்றனர், அம்பு எய்து காட்டுகின்றனர், ஆடிப் பாடுகின்றனர். தேன் வாங்கப்படுகின்றது. படங்கள் எடுக்கப்படுகின்றன. திரும்பும் வழியில், வேடரை நன்றாகப் பார்த்தாயிற்று என்ற நிறைவு அனைவர்க்கும் ஏற்படுகின்றது. இதில் தவறு யாது?

தவறில்லை என்பாரின் வாதங்களை முதலில் நோக்குதல் முறையாகும். பிரயாணிகள் தரும் பணம் அம்மக்களின் பிழைப்புக்கு உதவுகின்றது. பார்ப்பார் வருவதனாலேயே அவர்தம் ஆடலும் பாடலும் இளையோரிடம் நிலைக்கின்றன. நகரத்துச் சிறுவன் ஒருவன் தன்னின் வேறான வாழ்க்கைமுறையும் உண்டென அறிகின்றான். மேலும், தம்பானைக்குச் செல்வோர் முதலில் தலைவரைக் கண்டு வணங்கிய பின்னரே ஊரைச் சுற்றிப் பார்ப்பது வழக்கம். வீட்டுக்குரியவர் வகுத்த முறைக்கு வந்தவர் அடங்குவதால் அதனை வெறுங் காட்சி எனல் பொருந்தாது. இவ்வாதங்கள் வலிமை வாய்ந்தவை. வறியவர்க்குக் கிடைக்கும் வருவாயை, வறுமை அறியாதவர் அறத்தின் பெயரால் இகழ்தல் எளிது, நேர்மையன்று.

எனினும், இவ்வருவாய்க்கு ஈடாக அம்மக்கள் எதனைக் கொடுக்கின்றனர் என்ற வினா எஞ்சியே நிற்கின்றது. வேடரைப் பற்றி விரிவாக ஆய்ந்த செலிக்மன் தம்பதியர் 1911 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இது தொடர்பான செய்தியொன்று உண்டு. வெள்ளைக்காரப் பிரயாணிகளுக்குக் காட்டுவதற்காக அடிக்கடி அழைக்கப்பட்ட தனிகலை என்னும் இடத்து வேடர், ஆதிமனிதராக இருப்பதையே ஒரு தொழிலாகக் கொண்டுவிட்டனர் என்றும், வருவோர் முன்னிலையில் மாத்திரமே பழைய கோவணத்தை அணிந்தனர் என்றும் அவ்வாய்வாளர் குறித்துள்ளனர். நூறாண்டுக்கும் முற்பட்ட இச்செய்தி சிந்தனைக்குரியது. அவர்கள் பொய் கூறினர் என்று பழிப்பது பொருந்தாது. பார்க்க வந்தவரே அந்தப் பொய்யை விலைகொடுத்து வாங்கினர். வந்தவர் எதிர்பார்த்த உருவத்தில் நின்றாற்றான் கூலி கிடைக்கும் என்னும்போது, மாறிக்கொள்ளும் உரிமையை அம்மனிதர் இழந்துவிடுகின்றனர். அவருடைய மகன் சட்டை அணிந்து கல்லூரிக்குச் செல்வானாயின் அது பிரயாணிக்கு ஏமாற்றமாகின்றது. பிறிதொருவரின் முன்னேற்றத்தைத் தன் ஏமாற்றமாக உணரும் மனநிலை எத்துணை நயமாகத் தோன்றினும் அறத்தோடு ஒத்ததன்று.

இணக்கம் என்பதையும் இவ்விடத்து நுணுகி நோக்குதல் வேண்டும். அவர்கள் விரும்பித்தானே ஆடிக் காட்டுகின்றனர் எனலாம். ஆனால் 1983 ஆம் ஆண்டில் மகாவலி அபிவிருத்தித் திட்டத்தை ஒட்டி மாதுறு ஓயாத் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டபோது, அவர்களது வேட்டைக் காடு சட்டத்தால் மூடப்பட்டது. பலர் வேறிடங்களிற் குடியேற்றப்பட்டனர். 1998 இற் காலமான தலைவர் திசாகாமி முதலிய சிலரே தம்பானையை விட்டகல மறுத்து நின்றனர். அதன் விளைவு விசித்திரமானது. காட்டினுள் அம்பெய்தால் அவன் குற்றவாளி. பிரயாணியின் முன் அம்பெய்தால் அவன் கலைஞன். வாழ்வாக இருந்தது தடைசெய்யப்பட்டு, அவ்வாழ்வின் சாயலுக்கு மாத்திரம் விலை நிர்ணயிக்கப்பட்டுள்ளது. வேறு வழி அடைபட்ட பின்னர் எஞ்சிய ஒரே வழியிற் செல்பவரை, விரும்பிச் செல்கின்றார் என்று கூறுதல் முழுவுண்மையாகாது.

இதற்கு முற்றிலும் மாறானதொரு நிலையைப் பதினேழாம் நூற்றாண்டுச் சான்றொன்று காட்டுகின்றது. 1660 ஆம் ஆண்டில் கொட்டியாரக் குடாவிற் சிறைபிடிக்கப்பட்ட ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், கண்டி அரசனின் கைதியாக இந்நாட்டில் ஏறக்குறைய 20 ஆண்டுகள் வாழ்ந்து, 1679 இல் தப்பிச் சென்று, 1681 இல் தம் நூலை வெளியிட்டார். காட்டு வேடர் அம்புமுனை பெற்ற முறையை அதில் அவர் விவரிக்கின்றார். இரவிலே கொல்லனின் பட்டறைக்கு வந்து, இறைச்சியைத் தொங்கவிட்டு, தமக்கு வேண்டிய வடிவில் வெட்டிய இலையொன்றையும் வைத்துச் செல்வர். கொல்லன் அவ்வாறே செய்து வைத்தால் பின்னர் வந்து எடுத்துச் செல்வர். இருவரும் ஒருவரையொருவர் காண்பதில்லை. வாணிபம் மாத்திரம் நடந்தேறும். பிறரோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொண்டே பிறர் கண்ணிற் படாமல் வாழும் உரிமையை அம்மக்கள் அன்று தம்வசம் வைத்திருந்தனர். அன்று அவர்கள் விற்றது இறைச்சி. விற்க மறுத்தது தம் தோற்றம். இன்று விலைபோவது அத்தோற்றமே.

பார்க்கப்படுதல் என்பதன் வேதனையைத் தமிழர்க்கு, சிறப்பாக வடக்கு கிழக்கு மக்களுக்கு, வேறொருவர் விளக்கவேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜேர்மனியரான கார்ல் ஹாகென்பெக் இலங்கையிலிருந்து யானைகளோடு மனிதரையும் கப்பலேற்றி ஐரோப்பிய நகரங்களிற் காட்சிக்கு வைத்தபோது, அக்குழுக்களிற் சிங்களவரோடு தமிழரும் இருந்தனர். அது பழங்கதை. 2009 ஆம் ஆண்டிற் போர் முடிவுற்ற பின்னர் நிகழ்ந்தது பழங்கதையன்று. கிளிநொச்சியில் வீழ்ந்து கிடந்த நீர்த்தாங்கியின் முன் நின்று படமெடுத்துக்கொள்ளப் பேருந்துகளில் மக்கள் வந்தனர். அவர்களுட் பலர் கெட்ட எண்ணம் உடையவரல்லர். இரக்கத்தோடு வந்தோரும் உளர். ஆயினும் தகரக் கொட்டகையின் வாயிலில் நின்று அப்பேருந்துகளைப் பார்த்த தாயொருத்தி, தான் வாழ்ந்த வாழ்வு பிறருக்கு ஒரு பிற்பகற்பொழுதின் காட்சியாயிற்று என உணர்ந்திருப்பாள். அவ்வுணர்வை அறிந்த சமூகமே இன்னொரு சமூகத்தைப் பார்க்க வானேறும்போது, தான் பட்டதை மறவாதிருத்தல் அதன் கடமையாகும்.

அவ்வாறாயின் பிரயாணத்தையே கைவிடவேண்டுமா? அதுவும் தீர்வாகாது. பாராமை எப்போதும் மரியாதையாகாது. பல வேளைகளில் அது புறக்கணிப்பின் மறுபெயர். மனிதரைக் கருவியாக மட்டும் கொள்ளாது அவர்களே நோக்கமாகவும் கொள்ளல் வேண்டும் என இம்மானுவேல் கான்ற் 1785 இல் வகுத்த நெறி, மனிதரோடு தொடர்பு கொள்ளற்க என்று கூறவில்லை. திருக்குறள் விருந்தோம்பலுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்துள்ளது. முகம் வேறுபட்டு நோக்கிய அளவில் வாடும் விருந்தினரின் மனத்தை அனிச்ச மலரினும் மென்மையானதாக வள்ளுவர் காண்கின்றார். பழைய உலகில் வந்தவரே எளியவர், வீட்டுக்குரியவரே வலியவர். ஆதலின் அறம் வீட்டுக்குரியவரை நோக்கி உரைக்கப்பட்டது. இன்றைய பிரயாணத்தில் இந்நிலை தலைகீழாகிவிட்டது. பணமும் ஊர்தியும் படக்கருவியும் உடையவர் வந்தவரே. வாடக்கூடிய அனிச்சம் இப்போது திண்ணையில் இருப்பவரின் மனம். எனவே விருந்தோம்பலின் அறம் இன்று விருந்தினரையே பெரிதும் கட்டுப்படுத்துதல் வேண்டும்.

இதனைச் சோதித்தறிய மூன்று வினாக்கள் போதும். பார்க்கப்படுபவர், இன்று வேண்டாம் என மறுக்க முடியுமா? மறுத்தால் அவர் வீட்டில் அன்று உலை கொதிக்குமா? இது முதலாவது. வந்தவர் எதிர்பார்த்ததற்கு மாறாக அவர் இருக்கலாமா? இது இரண்டாவது. வந்தவரை அவர் திருப்பிப் பார்க்கவும், எங்கிருந்து வருகின்றீர், என்ன வேலை, உமது ஊரில் எம்மவர்க்கு இடமுண்டா எனக் கேட்கவும் முடியுமா? இது மூன்றாவது. மூன்றுக்கும் ஆம் என விடை கிடைக்குமிடத்து அது விருந்து. இல்லை என விடை கிடைக்குமிடத்து, எத்துணை நல்லெண்ணம் இருப்பினும், அது காட்சியே. வழிகாட்டியின் கடமையும் இவற்றிலிருந்தே பிறக்கின்றது. பார்க்கவேண்டியது எதுவென முன்கூட்டியே சொல்லிக் கொடுப்பவர் கண்களை மூடுகின்றார். கேள்வி இருபுறமும் சென்றுவர இடமளிப்பவரே உண்மையில் வழிகாட்டுகின்றார்.

லிங்கநகரிலிருந்து புறப்பட்ட வானுக்கு இனி மீளலாம். பல மணிநேரம் ஓடித் தம்பானையை அடைந்த அக்குடும்பம், வேடர் மரபினர் கொட்டியாரக் குடாவின் அக்கரையிலேயே வாழ்கின்றனர் என்பதை நினைத்திருக்கமாட்டாது. மூதூருக்குத் தெற்கேயும் கிழக்கேயும் பாட்டாளிபுரம், நல்லூர், இளக்கந்தை போன்ற ஊர்களிலும், வெருகலைக் கடந்து வாகரைப் பக்கத்திலும், கரையோர வேடர் எனப்படுவோர் நெடுங்காலமாக உள்ளனர். அவர்கள் மீன்பிடித்தும் தேனெடுத்தும் கூலிவேலை செய்தும் வாழ்கின்றனர். 2004 இல் கடல்கோளும் 2006 இற் போரும் அப்பகுதி மக்களை இடம்பெயரச் செய்தன. ஆயினும் அவர்களைப் பார்க்க எந்த வானும் புறப்படுவதில்லை. காரணம் வெளிப்படையானது. அவர்கள் சாரம் உடுத்துத் தமிழ் பேசுகின்றனர். பார்ப்பதற்கு வேடராகத் தோன்றுவதில்லை. கலப்புற்றோர் என ஆய்வாளராலும், வறியோர் என அயலவராலும் ஒதுக்கப்பட்ட அவர்கள், காட்சிக்கு உதவாதவராயினர். இரண்டாவது வினாவின் கொடுமை இங்கே தெளிவாகின்றது: எதிர்பார்ப்புக்கு மாறாக வாழ்ந்தோர் கண்ணுக்கே தெரியாது போயினர்.

மணிமேகலைக் காப்பியத்தில் வரும் சாதுவன், கலமுடைந்து நாகர் மலையை அடைந்தபோது, அவர்தம் மொழியை அறிந்திருந்தமையால் உயிர் தப்பினான். அவனைக் கொல்ல வந்தவர், அவன் பேசியதுமே அவனை மனிதனாகக் கண்டனர். தம்பானைக்குச் செல்லும் தமிழ்ப் பிரயாணிக்கு வழிகாட்டியின் நாவே துணை. கொட்டியாரத்து அக்கரைக்குச் செல்பவருக்கோ அத்தகைய இடையூறு இல்லை. 2009 இற் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் தரைவழியும் எளிதாயிற்று. அங்கே ஆடிக் காட்டுவார் இல்லை. அம்பெய்து காட்டுவாரும் இல்லை. கேட்கவும் கேட்கப்படவும் மாத்திரமே இடமுண்டு. மாணவர் பலர் ஆண்டுதோறும் கல்விச் சுற்றுலா செல்கின்றனர். தொலைவில் உள்ளதைப் பார்த்துவரும் அவ்வழக்கத்தோடு, அருகில் உள்ளவரைச் சந்தித்து, அவர்தம் பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்கு வருவதற்கு யாது தடை என வினவிவரும் வழக்கமும் சேருமாயின், பார்க்கப் போதல் என்னுந் தொடர் தன் முதற்பொருளை மீண்டும் பெறும். அப்பிள்ளைகள் ஒருநாள் லிங்கநகருக்கும் பார்க்க வருவார்களாயின், அன்று அது முழுமையான விருந்தாகும்.