கைநழுவிய சிற்றுயிர்

கர்நாடக மாநிலம் பாகல்கோட் மாவட்டத்திலுள்ள முதோள், வேட்டை நாய்களுக்குப் புகழ்பெற்ற ஊர். மெலிந்த உடலும் நீண்ட கால்களும் கொண்ட அந்த நாயினத்திற்கு இந்திய அஞ்சல் துறை 2005-ஆம் ஆண்டு தபால்தலை வெளியிட்டுச் சிறப்புச் செய்தது. அவ்வட்டார உழவர்களுள் பலர் இந்நாய்களை வளர்த்து, குட்டிகளை விற்று வருகின்றனர்.

அத்தகைய உழவர் ஒருவரின் நாய் ஐந்து குட்டிகளை ஈன்றது. ஏறக்குறைய 63 நாட்கள் காத்திருந்த குடும்பம் மகிழ்ந்தது. நான்கு குட்டிகள் தாயின் மடியை இறுகப் பற்றிக்கொண்டன. ஐந்தாவது மட்டும் ஒதுங்கிக் கிடந்தது. மூன்றாம் நாள் விடியற்காலையில் அதன் உடல் குளிர்ந்திருந்தது. பதறிப்போன அவர் பசும்பாலைக் காய்ச்சி, ஆற்றி, துளித்துளியாகப் புகட்டினார். சிறிது நேரத்தில் அவரது உள்ளங்கையிலேயே அதன் மூச்சு அடங்கிவிட்டது.

மற்ற குட்டிகளைப் பார்க்க வந்த கால்நடை மருத்துவர், "பிறந்த இரண்டு வாரங்கள் வரை குட்டியால் தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ள இயலாது. குளிர்ந்த குட்டிக்குப் பால் செரிக்காது. முதலில் மெதுவாகச் சூடேற்ற வேண்டும், பிறகே பால் தர வேண்டும்" என்றார்.

"அப்படியானால் நானே அதைக் கொன்றுவிட்டேனா, ஐயா?" என்று கலங்கினார் உழவர்.

"அப்படிச் சொல்ல முடியாது. பிறவிக் குறை, நோய்த்தொற்று, எடைக்குறைவு என்று பல காரணங்களால் முதல் வாரத்தில் குட்டிகள் இறப்பதுண்டு" என்று மருத்துவர் தேற்றினார்.

ஆயினும் அன்று அவருக்கு உணவு இறங்கவில்லை. அக்கம்பக்கத்தாரோ, "ஒரு நாய்க்குட்டிக்கா இத்தனை துக்கம்?" என்று நகைத்தனர்.

துயரம் தவறாகுமா?

சுவாமி விவேகானந்தர் தமது இறுதி ஆண்டுகளில் பேலூர் மடத்தில் பல பிராணிகளை வளர்த்தார். மட்ரு என்னும் ஆட்டுக்குட்டியின் கழுத்தில் சிறுமணிகளைக் கட்டி, அதனுடன் குழந்தையைப் போல் ஓடி விளையாடுவார். அது இறந்தபோது அவர் மிகவும் வருந்தினார் என்று அவரது வரலாறு கூறுகிறது. ஆன்மாவுக்கு அழிவில்லை என்று உலகெங்கும் முழங்கியவர், ஆட்டுக்குட்டிக்காக வருந்துவதை இழிவாகக் கருதவில்லை. எல்லா உயிரிலும் ஒரே பரம்பொருளைக் காண்பவருக்குச் சிற்றுயிர், பேருயிர் என்ற வேறுபாடு ஏது? ஞானம் இதயத்தைக் கல்லாக்குவதில்லை.

அப்படியானால் பற்று ஏன் கண்டிக்கப்படுகிறது? ஸ்ரீமத் பாகவதத்தில் வரும் பரத மன்னரின் வரலாறு இதனை விளக்குகிறது. அரசைத் துறந்து கண்டகி நதிக்கரையில் தவம் புரிந்த அவர், தாயை இழந்து நீரில் விழுந்த மான்குட்டியைக் காப்பாற்றினார். அது கருணை, அதில் குற்றமில்லை. பின்னர் அக்குட்டியையே எண்ணி எண்ணித் தமது நியமங்களை ஒவ்வொன்றாகக் கைவிட்டார். இறுதி நேரத்திலும் அதன் நினைவே நிற்க, மறுபிறவியில் மானாகப் பிறந்தார். அன்பு கடமையை விழுங்கும்போது அது பற்றாகிறது.

நான்கு குட்டிகள்

உழவர் தம் உள்ளத்தையே சோதித்தார். அவர் துக்கத்தின் ஒரு பகுதி விலையைப் பற்றியது. குட்டி கண் திறக்கும் முன்பே அவர் அதன் பணத்தைக் கணக்கிட்டிருந்தார். அதை ஒப்புக்கொள்ள அவருக்கு நாணமாக இருந்தது. மற்றொரு பகுதி, தம் கை தவறிழைத்ததோ என்ற ஏக்கம். இவ்விரண்டையும் நீக்கிய பின் எஞ்சியது தூய இரக்கம். அந்த இரக்கத்திற்கு ஒரு வேலை தேவைப்பட்டது.

கொட்டிலின் மூலையில் தாய்நாய் எதையோ தேடி முகர்ந்துகொண்டிருந்தது. அவர் அதன் தலையைத் தடவினார். இறந்த குட்டியை வேப்பமரத்தடியில் அடக்கம் செய்துவிட்டு, ஈரச் சாக்கை அகற்றி உலர்ந்த துணி விரித்தார். காற்றுப் புகும் இடுக்கை அடைத்தார். நான்கு குட்டிகளையும் தினமும் தராசில் நிறுத்து எழுதிவைத்தார். எடை கூடாத குட்டியைத் தாயின் நிறைந்த மடியில் சேர்த்தார். அடுத்த ஈற்றில் எல்லாக் குட்டிகளும் முதல் நாளிலேயே சீம்பால் குடிக்கின்றனவா என்று உடனிருந்து பார்ப்பது என உறுதிகொண்டார். தாயின் உடல் தேறும்வரை மறுமுறை இணை சேர்ப்பதில்லை என்றும் தீர்மானித்தார்.

இதுவே கர்மயோகம். அறியாமல் நேர்ந்த தவற்றுக்காகத் தன்னையே வதைத்துக்கொண்டிருப்பதும் 'நான்' என்னும் எண்ணத்தையே வளர்க்கிறது. உயிரைத் தருவதும் எடுப்பதும் மனிதன் கையில் இல்லை. கருத்துடன் பேணுவது மட்டுமே அவன் கையில் உள்ளது. பேணும் முறையை அறியாத அன்பு அரைகுறையானது. ஆதலால் கற்பதும் அன்பின் ஒரு பகுதியே.

பன்னிரண்டாம் நாள் நான்கு குட்டிகளும் கண் திறந்தன. அவற்றைக் கண்டு மகிழ்ந்தபோதும் உழவருக்கு ஐந்தாவது குட்டியின் நினைவு வந்தது. இறைவன் மூன்று நாட்கள் தம்மிடம் ஒப்படைத்திருந்த உயிர் அது என்று எண்ணி, அதை அவன் திருவடிகளில் சமர்ப்பித்துவிட்டு, தாய்நாய்க்குக் கஞ்சி எடுத்துவரச் சென்றார்.