தயக்கமின்றி

ஒவ்வொரு டிசம்பர் கடைசியிலும் கல்லூரி நண்பர்கள் ஏழெட்டுப் பேருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புவது வழக்கம். அந்த ஆண்டு நான் குடித்ததில் பிடித்த ஐந்து பியர்கள். எல்லா ஊரிலும் கிடைக்கும் லாகரும் ஐ.பி.ஏ.வும் அதில் இருக்காது. பலரும் பெயரே கேள்விப்பட்டிராத வகைகள் மட்டும். பெர்லினுக்கு வேலைக்கு வந்த முதல் வருடம் விளையாட்டாகத் தொடங்கியது. போகப்போக அதற்கென்று குறிப்பேடு, ரயில் பயணங்கள், இரண்டு மூன்று பத்தி வர்ணனைகள் என்று வளர்ந்துவிட்டது.

சென்ற டிசம்பரில் வந்த பதில்களில் ஒன்று இது: "இனிமே எனக்கு அனுப்பாதடா. நீ மோசமா எழுதினா பரவால்ல. நல்லா எழுதுற, அதான் பிரச்சினை."

எழுதியவன் விடுதியில் எனக்கு அடுத்த அறைக்காரன். குடியை நிறுத்திப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. அவன் குடிப்பான் என்பது எனக்குத் தெரியும். அது நோயாகியிருந்தது தெரியாது. மன்னிப்புக் கேட்டேன், முகவரியை நீக்கினேன். ஒரு நிமிட வேலை. ஆனால் அந்த வரி நீங்கவில்லை. ஓர் இன்பத்தை நன்றாகப் புகழ்வது தீங்கில்லாத செயல்தானா? இந்த ஆண்டும் பட்டியல் இருக்கிறது. இம்முறை அந்தக் கேள்வியோடு சேர்த்துத்தான் அதை எழுத முடிகிறது.

*

முதலாவது, கோஸெ. ஹார்ஸ் மலையடிவாரத்தில் உள்ள கோஸ்லார் என்ற ஊரில், அந்தப் பெயருடைய சிற்றாற்றங்கரையில் பிறந்த பியர். பின்னாளில் லைப்சிக் நகரம் அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. பார்லியோடு கோதுமை மால்ட், லாக்டிக் பாக்டீரியா தரும் புளிப்பு, கொத்தமல்லி விதை, உப்பு. ஆம், உப்பு. பியரில் தண்ணீர், பார்லி, ஹாப்ஸ் தவிர வேறெதுவும் சேரக்கூடாது என்று 1516இல் பவேரியாவில் சட்டம் போட்ட அதே ஜெர்மானிய உலகத்தில்தான் இதுவும் இருந்தது. நம் ஆட்களுக்குப் புரியும்படி சொன்னால் லெமன் சால்ட் சோடாவின் ஜெர்மன் சித்தப்பா.

லைப்சிக்கின் கோலிஸ் பகுதியில் ஒரு பழைய கோஸெ விடுதி இருக்கிறது. பெயர் 'ஓனெ பெடென்கென்'. இந்த உப்புப் புளிப்புத் தண்ணீரை முதல்முறை பார்த்தவர்கள் "இதைக் குடிக்கலாமா?" என்று கேட்க, பரிமாறுபவர் "ஓனெ பெடென்கென்" என்பாராம். அதுவே பெயராகிவிட்டது என்று கதை. 'தயக்கமின்றி' என்று பொருள். பெடென்கென் என்ற சொல்லுக்குள் 'நினைத்துப் பார்ப்பது' இருக்கிறது. மனச்சாட்சியின் உறுத்தலையும் அந்தச் சொல்லாலேயே குறிப்பார்கள். எனவே பெயர்ப்பலகை சொல்வது இன்னும் கொஞ்சம் கூடுதல்: யோசிக்காதே, குடி.

கடைசியாகக் கோஸெ காய்ச்சிக்கொண்டிருந்த சிறிய ஆலை 1966இல் மூடப்பட்டது. நகரத்தின் அடையாளமாக இருந்த ஒரு பானம் உலகில் இல்லாமல் போயிற்று. இருபது ஆண்டுகள் கழித்து, 1986இல், லோதார் கோல்ட்ஹான் என்பவர் இந்த விடுதியைப் புதுப்பித்துத் திறந்தார். விடுதி திரும்பிவிட்டது, பியரை எங்கே போய்த் தேடுவது? அது எப்படி இருந்தது என்று அவர் உள்ளூர்க்காரர்களிடம் விசாரித்தார். கிழக்கு பெர்லினில் புளிப்பு பியர் காய்ச்சிக்கொண்டிருந்த ஓர் ஆலையைப் பிடித்து அதைச் செய்யவைத்தார். எங்கள் தொழில் மொழியில் சொன்னால் சோர்ஸ் கோட் தொலைந்துபோன மென்பொருள் அது. பழைய பயனர்கள் "இப்படித்தான் இருந்துச்சு", "இல்ல, இன்னும் கொஞ்சம் புளிக்கும்" என்று சொல்வது மட்டுமே டெஸ்ட் கேஸ்.

தத்துவவாதி டேவிட் ஹியூம் 1757இல் வெளியிட்ட ரசனை பற்றிய கட்டுரையில், டான் கிஹோத்தேயிலிருந்து ஒரு கதையை எடுத்தாள்கிறார். சாஞ்சோ பான்சாவின் உறவினர் இருவரிடம் ஒரு பீப்பாய் வைனைச் சுவைத்துக் கருத்துச் சொல்லக் கேட்கிறார்கள். நல்ல வைன்தான், ஆனால் லேசாகத் தோல் வாடை என்கிறார் ஒருவர். நல்ல வைன்தான், ஆனால் லேசாக இரும்பு வாடை என்கிறார் மற்றவர். ஊர் சிரிக்கிறது. பீப்பாய் காலியானபோது அடியில் தோல்வார் கட்டிய ஒரு சாவி கிடக்கிறது. ரசனை வெறும் அபிப்பிராயம் அல்ல, நுட்பமான நாக்கு உண்மையில் அங்கே இருப்பதைத்தான் சொல்கிறது என்பது ஹியூமின் வாதம்.

கோல்ட்ஹானுக்குக் கவிழ்த்துப் பார்க்கப் பீப்பாய் இல்லை. மனிதர்களின் நாக்குதான் இருந்தது. அவர்கள் தவறாக நினைவு வைத்திருந்தால்? இன்று நான் குடிப்பது பழைய கோஸெதானா, அதன் நினைவா? நீண்ட நாள் இது என்னை அரித்தது. இப்போது அவ்வளவாக அரிப்பதில்லை. அதைக் குடித்து வளர்ந்தவர்கள் குடித்துப் பார்த்துத் தலையாட்டினார்கள் என்றால் வேறென்ன சான்று வேண்டும்? இங்கே என்னைத் தொடுவது வேறொன்று. அந்த முதியவர்கள் இருபது வருடம் ஒரு வாய்கூடக் குடிக்காமல் அந்தச் சுவையை வைத்திருந்தார்கள். இதற்குப் பிறகு வருகிறேன்.

*

இரண்டாவது, க்ரோஜிஸ்கியே. போலந்தில், போஸ்னான் நகருக்கு அருகே உள்ள க்ரோஜிஸ்க் என்ற ஊரின் பியர். முழுக்கவும் கோதுமை மால்ட், அதுவும் ஓக் விறகுப் புகையில் காய்ந்தது. போதை ஏறக்குறைய மூன்று சதவீதம்தான். வெளிர்மஞ்சள், நுரை பொங்கும், கண்ணாடி போலத் தெளிவு. மார்கழி விடியலில் விறகடுப்பில் போட்ட வெந்நீரை மொண்டு முகம் கழுவும்போது வரும் புகைவாசம் நினைவிருக்கிறதா? அது. 1993இல் அங்கே ஆலை மூடப்பட்டதோடு இதுவும் நின்றுபோயிற்று. வீட்டில் பியர் காய்ச்சும் ஆர்வலர்கள் சங்கமாகச் சேர்ந்து பழைய ஆலையின் ஈஸ்ட்டையும் செய்முறையையும் தேடிப்பிடித்து உயிர்கொடுத்தார்கள். 2015இல் அதே ஊரில் மீண்டும் ஆலை திறந்தது.

மூன்றாவதும் நான்காவதும் சாகாமல் தப்பித்தவை. நார்வேயின் வோஸ் பகுதிப் பண்ணைவீட்டு பியரின் உயிர் 'க்வைக்' என்ற ஈஸ்ட். மற்ற ஈஸ்ட்டுகள் தள்ளாடும் முப்பது நாற்பது டிகிரி வெப்பத்தில் இது உற்சாகமாக வேலை செய்யும். மரவளையத்தில் காயவைத்து அடுத்த முறைக்கு எடுத்துவைப்பார்கள். கெட்டுப்போனால் பக்கத்து வீட்டில் போய் வாங்கிக்கொள்வார்கள். நம் ஊரில் உறைமோர் கேட்டு டம்ளரோடு போவது போலத்தான். வீடுகளுக்குள் முடங்கிக் கிடந்த இதை உலகுக்கு எழுதிக் காட்டியதில் பெரும்பங்கு லார்ஸ் மாரியுஸ் கார்ஷோல் என்பவருக்கு. தொழில்முறையில் அவரும் மென்பொருள்காரர் என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை. பின்லாந்தின் சாஹ்தி நான்காவது. ஜூனிப்பர் கிளைகள் வழியே வடிகட்டியது, ரொட்டி ஈஸ்ட்டில் நொதித்தது, வாழைப்பழ மணம். சில வாரங்களுக்குமேல் தாங்காது. அதனால் ஏற்றுமதியாகிக் கெட்டுப்போகாமல் பிழைத்தது.

*

ஐந்தாவதுதான் தொல்லை. பிரஸ்ஸல்ஸின் லாம்பிக். அங்கே ஆண்டர்லெக்ட் பகுதியில் 1900இல் தொடங்கிய கான்ட்டியோன் ஆலை இன்றும் இயங்குகிறது. கொதிக்கும் மால்ட் சாற்றைப் பரணில் உள்ள அகன்ற செப்புத் தொட்டியில் ஊற்றி இரவெல்லாம் காற்றாட விடுகிறார்கள். யாரும் ஈஸ்ட் சேர்ப்பதில்லை. காற்றிலும் கட்டடத்திலும் இருக்கும் நுண்ணுயிர்கள் தாமாக வந்து இறங்குகின்றன. அதனால் குளிர் மாதங்களில் மட்டும்தான் காய்ச்சுவார்கள். பிறகு மரப்பீப்பாயில் ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம். மூன்றையும் கலந்து பாட்டிலில் அடைத்தால் மறுபடி நொதித்து 'கூஸ்' ஆகிறது.

பிப்ரவரியில் அங்கே ஒரு கோப்பையை மூக்கருகே கொண்டுபோனேன். தாத்தா வந்துவிட்டார்.

தூத்துக்குடிப் பக்கம் பனையேறி அவர். கள்ளுக்கும் யாரும் ஈஸ்ட் சேர்ப்பதில்லை. சீவிய பாளையில் கலயத்தைக் கட்டினால் காற்றும் பழைய கலயமும் பூச்சிகளும் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். லாம்பிக்குக்கு மூன்று வருடம், கள்ளுக்குச் சில மணி நேரம், அவ்வளவுதான். தமிழ்நாட்டில் 1987இலிருந்து கள்ளுக்குத் தடை. அதற்குப்பின் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீர் மட்டும்தான் இறக்கலாம். எங்கோ தள்ளி நின்ற ஒரே ஒரு மரத்தில் மட்டும் தாத்தா சுண்ணாம்பு தடவ மறந்துவிடுவார். அவர் துண்டில் அந்த வாசம் இருக்கும்.

விடுதிக்குத் திரும்பியதும் கோபமாக ஒரு கட்டுரை எழுத ஆரம்பித்தேன். பெல்ஜியத்தின் பியர் பண்பாட்டை யுனெஸ்கோ 2016இல் மானுடப் பாரம்பரியமாகப் பட்டியலிட்டது. அதே வகையான நுண்ணுயிர் வேலை எங்கள் ஊரில் குற்றம். கள்ளைத் தடுத்த அரசே 2003இலிருந்து டாஸ்மாக் கடைகளில் பிராந்தி விற்கிறது. இதெல்லாம் உண்மை. இன்றும் மாற்றிச் சொல்ல மாட்டேன். பனையேறிகள் இழந்தது ஒரு தொழிலை மட்டும் அல்ல, அது நியாயமாகவும் நடக்கவில்லை.

அம்மாவுக்கு போன் செய்து வாசத்தைப் பற்றிச் சொன்னேன்.

"அந்த வாடை ஒனக்கு மணமாக்கும்? ஆச்சி இருந்தா அவகிட்ட கேட்ருக்கணும் நீ" என்றாள் அம்மா. "அந்த ஒத்தக் கலயத்த வித்துட்டு வந்தாருன்னா வீட்ல சோறு. குடிச்சிட்டு வந்தாருன்னா நாங்க பக்கத்து வீட்டுக்கு ஓடணும்."

கட்டுரையை அங்கேயே நிறுத்தினேன். என் கோபத்தில் தாத்தா இருந்தார், ஆச்சி இல்லை.

*

இதிலிருந்து தப்பிக்க இரண்டு வழிகள் வைத்திருந்தேன். ஒன்று: இவை போதை குறைந்த பானங்கள், தீங்கு காய்ச்சி வடித்த சாராயத்தில்தான். அளவில் இது சரி. ஆனால் ஆச்சி ஓடியது கள்ளுக்குத்தான். இரண்டாவது: நான் சுவைப்பவன், குடிகாரன் வேறு. குறிப்பேடு வைத்திருக்கிறேன், ரயிலில் போய்க் குடிக்கிறேன், பாட்டிலின் வரலாறு தெரியும். இதைச் சொல்லும்போதே இது வெறும் சம்பளம் என்று தெரிகிறது. டாஸ்மாக் வாசலில் நிற்பவருக்கு வாய்க்காத மேசையும் கோப்பையும் எனக்கு வாய்த்ததால் என் குடிக்கு ரசனை என்று பெயர்.

இரண்டாவது வழியை முழுதாக அடைத்தவன் என் நண்பன். அவன் விழுந்தது மலிவான சரக்கில் அல்ல. பெங்களூரின் மைக்ரோபுரூவரிகளில், நல்ல மேசைகளில், நல்ல பியரில். எந்த ஹாப்ஸ் எந்த மணம் தரும் என்று என்னைவிட நன்றாகச் சொல்வான். ரசனை அவனைக் காப்பாற்றவில்லை. "இன்னைக்கு என்ன புதுசு" என்ற கேள்வியாக நின்று, தினமும் போவதற்கு ஒரு கௌரவமான காரணத்தை அது கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. என் டிசம்பர் மின்னஞ்சலும் அந்தக் காரணங்களில் ஒன்று.

அப்படியானால் வாயை மூடிக்கொள்வதா? அதையும் யோசித்தேன். ஒரு நண்பனின் முகவரியை நீக்கிவிடலாம். முகவரி தெரியாதவர்களை என்ன செய்ய? ஆனால் யாரும் பேசாதிருந்தால் கோஸெயும் க்ரோஜிஸ்கியேயும் திரும்பியிருக்காது. அவற்றில் மனித உழைப்பும் புத்தியும் நூற்றாண்டுகளாகச் சேர்ந்திருக்கின்றன. அது அழியும்போது பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு விதத்தில் தவறுதான்.

ஹியூமின் கதையை மறுபடி நினைத்துக்கொண்டேன். அந்த இரண்டு உறவினர்களிடம் எனக்குப் பிடித்தது அவர்களுடைய நாக்கின் நுட்பத்தைவிட நேர்மை. 'நல்ல வைன்தான்' என்பதோடு நிறுத்தியிருந்தால் ஊர் சிரித்திருக்காது. தோலையும் இரும்பையும் சேர்த்துச் சொன்னார்கள். புகழ்கிறவன் செய்யவேண்டியது அதுவே என்று தோன்றுகிறது. கூஸின் புளிப்பில் பச்சை ஆப்பிளும் ஈர வைக்கோலும் இருக்கின்றன. எனக்கு அதில் ஆச்சி ஓடிய தெருவும் இருக்கிறது. முன்னதை மட்டும் எழுதினால் என் சுவைக்குறிப்பு பொய். இத்தனை வருடம் அப்படித்தான் எழுதினேன்.

நினைத்துப் பாராமல் குடிக்க எனக்கு இனி வராது. அந்தப் பெயர்ப்பலகை மீது மரியாதை உண்டு, அது சொல்வதை மட்டும் ஏற்கமுடியவில்லை.

இதை அனுப்புவதற்கு முன் நண்பனிடம் பேசினேன். அவனைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன். "பேர் போடாம எழுது" என்றான். லைப்சிக்கின் கிழவர்கள் இருபது வருடம் குடிக்காமலே சுவையை நினைவில் வைத்திருந்த கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "எனக்கு எல்லாமே ஞாபகம் இருக்குடா. ஒண்ணுகூட மறக்கல" என்றான். பிறகு அவனே கேட்டான்.

"அந்த உப்பு பியர் எப்படி இருந்துச்சு?"

"லெமன் சால்ட் சோடா மாதிரி."

"அப்ப நான் லெமன் சால்ட் சோடாவே குடிச்சிக்கிறேன்" என்றான்.