லண்டன் மேயரும் நம்முடைய பயமும்



லண்டன் மாநகரத்துக்கு முஸ்லிம் ஒருவர் மேயராயிருக்கிறாரே, இனி அங்கே கோயில் மணி ஒலிக்குமோ என்று உங்களில் சிலர் நம்மிடம் கேட்கிறீர்கள். பதில் சொல்லுமுன் ஒரு பழைய சங்கதியைச் சொல்ல வேண்டும்.

1673-ம் ஆண்டில் இங்கிலாந்தின் பார்லிமெண்ட் ஒரு சட்டம் செய்தது. அரசாங்க உத்தியோகம் பெறுகிற எவனும், திவ்விய நற்கருணையில் அப்பமும் இரசமும் ஆண்டவருடைய சரீரமும் இரத்தமுமாக மாறுகிறதில்லை என்று உறுதி கூற வேண்டும். 1678-ல் பார்லிமெண்ட் அங்கத்தினருக்கு இன்னும் கடினமான நிபந்தனை: தேவமாதாவை மன்றாடுவதும் பூசைப் பலியும் விக்கிரக ஆராதனை என்று அறிக்கையிட வேண்டும். எந்தக் கத்தோலிக்கன் இதற்கு உடன்படுவான்? பாப்பரசருக்குக் கீழ்ப்படிகிறவன் நாட்டுக்கு உண்மையாயிரான் என்பதே அவர்கள் சொன்ன நியாயம். 1829 வரையில், ஏறக்குறைய நூற்றைம்பது வருஷம், நம்மவருக்கு அந்த வாசல் அடைபட்டே கிடந்தது. யூதருக்கோ அதற்குப் பின்னும் திறக்கவில்லை. லயனல் ரோத்ஷில்ட் என்பவரை லண்டன் நகரத்தார் 1847-ல் தெரிந்தெடுத்தும், கிறிஸ்தவப் பிரமாணம் சொல்ல மாட்டாதபடியால் அவர் 1858-ல்தான் தம் ஆசனத்தில் அமர்ந்தார். இன்று முஸ்லிமைப் பற்றிச் சொல்லப்படுகிற நியாயமும் அதே நியாயந்தான். பெயர் மட்டுமே வேறு.

இனி அந்த மேயரைப் பார்ப்போம். சாதிக் கான் என்பவர், பாகிஸ்தானிலிருந்து குடியேறிய ஒரு பஸ் டிரைவரின் மகன். 2016 மே மாதம் பதவியேற்க அவர் தெரிந்துகொண்ட இடம் எது தெரியுமா? ஆங்கிலிக்கன் சபையாரின் சதர்க் பேராலயம்! மறுநாளே, ஹிட்லர் ஆட்சியில் கொல்லப்பட்ட 60 லட்சம் யூதரை நினைவுகூரும் கூட்டத்துக்குப் போனார். மேயரின் அதிகாரம் பஸ், ரயில், போலீஸ், வீட்டு வசதி இவற்றைப் பற்றியது. கோயில் மணி அவர் கையில் இல்லை. அவர் நிர்வாகம் நல்லதா கெட்டதா என்பது லண்டன்காரர் பாடு. அவர்கள் 2021-லும் 2024-லும் அவரையே தெரிந்துகொண்டார்கள்.

ஹாலந்து தேசத்து ரோட்டர்டாம் நகரில், மொரோக்கோவில் ஓர் இமாமின் மகனாய்ப் பிறந்த அகமது அபூதாலிப் 2009 முதல் 2024 வரை மேயராயிருந்தார். 2015 ஜனவரியில் பாரிஸ் பத்திரிகையாளர் கொல்லப்பட்டபோது, இங்குள்ள சுதந்திரத்தைச் சகியாத முஸ்லிம்கள் வெளியேறலாம் என்று அவரே கண்டிப்பாய்ப் பேசினார். இத்தகையோரோடு நீதிக்காகவும் சமாதானத்துக்காகவும் கூடி உழைக்கும்படியே 1965-ல் வத்திக்கான் பொதுச்சங்கம் நமக்குப் புத்தி சொன்னது.

அப்படியானால் பயப்படக் காரணமே இல்லையா? உண்டு. 2016 ஜூலை 26-ல், பிரான்சு தேசத்தில், 85 வயதான ழாக் ஹாமெல் சுவாமியார் காலைப் பூசையின்போது கோயிலுக்குள்ளேயே கழுத்தறுத்துக் கொல்லப்பட்டார். கொன்ற இரு வாலிபரும் இஸ்லாமின் பேரைச் சொல்லியே வந்தார்கள். இதை மறைக்க நமக்கு மனமில்லை. ஆனால் அவ்வூர் முஸ்லிம் தலைவர்கள் கொலையாளியின் அடக்கச் சடங்கில் தங்களுக்குப் பங்கில்லை என்று மறுத்துவிட்டார்கள். அடுத்த ஞாயிறன்று ரூவான் பேராலயத்தில் சுவாமியாருக்காகப் பூசை நடந்தபோது, முஸ்லிம்கள் கூட்டமாய் வந்து நம்மவரோடு பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள்.