இரண்டு வழக்கங்கள், ஒரே பந்தி

பாஸ்குத் திருநாளின் வரலாறு வேதாகமம் வாசிக்கும் நமக்குப் புதிதல்ல. எஜிப்தின் அடிமைத்தனத்தினின்று புறப்பட்ட மக்கள், பிசைந்த மா புளிக்கும் முன்பே அதைத் தோளில் சுமந்துகொண்டு போனார்கள். அதன் ஞாபகமாக 7 நாளும் புளிப்புள்ள எதையும் உண்ணலாகாது, வீட்டில் வைத்திருக்கவும் ஆகாது என்று யாத்திராகமம் கட்டளையிடுகிறது. யூத குடும்பங்கள் இன்றும் இதை அனுசரித்து வருகின்றன; இஸ்ராயேல் நாட்டில் 7 நாள், பிற நாடுகளில் பெரும்பாலும் 8 நாள்.

கட்டளை ஒன்றுதான். ஆனால் அது சமையலறைக்குள் வரும்போது ஒரு கேள்வி எழுகிறது. முன்னோரின் வழக்கத்துக்கு நாம் எவ்வளவு கடமைப்பட்டவர்கள்? இரண்டு முன்னோர்களின் வழக்கங்கள் ஒரே வீட்டில் முட்டிக்கொண்டால் எதைக் கைக்கொள்வது?

ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். ஜெருசலேம் நகரில் புதிதாக மணமான தம்பதிகள். கணவனின் குடும்பம் பாக்தாத்திலிருந்து வந்தது. மனைவியின் குடும்பம் போலந்திலிருந்து வந்தது. அவன் தாய் வீட்டில் சோறு இல்லாத பாஸ்குப் பந்தி கிடையாது. கோதுமை மணி ஒன்றும் கலந்துவிடாதபடி அரிசியை மும்முறை பார்த்துப் பொறுக்கி வைப்பாள் அந்தத் தாய். மனைவியின் தாய் வீட்டிலோ, அந்த நாட்களில் அரிசி, பருப்பு, அவரை, பட்டாணி ஒன்றும் அடுப்பேறாது. இப்போது இந்தப் புது வீட்டில் திருநாள் நெருங்குகிறது. விதவையான மாமியாரும் பந்திக்கு வரப்போகிறாள். மனைவி அரிசிப் பானையைப் பார்த்துக் கண் கலங்குகிறாள். “இதை உண்டால் என் பாட்டியை மறந்தவளாவேனோ?” என்பது அவள் மனக்கவலை. “இதை விலக்கினால் என் தாய் இத்தனை காலமும் பாவம் செய்தாள் என்றாகுமோ?” என்பது கணவனின் மனக்கவலை.

முதலில் கட்டளை எது, வழக்கம் எது என்று பிரித்தறிய வேண்டும். கோதுமை, வாற்கோதுமை முதலிய 5 தானியங்களே புளிப்பாகக் கூடியவை என்பது யூத சாஸ்திரிகளின் தீர்ப்பு. இவற்றின் மாவில் நீர் பட்டுச் சும்மா கிடந்தால் புளித்துவிடும். ஆதலால்தான் புளியாத அப்பத்தை நீர் பட்ட 18 நிமிஷத்துக்குள் சுட்டெடுக்கிறார்கள். அரிசியும் பருப்பும் இந்த ஐந்தில் சேர்ந்தவை அல்ல. 3-ம் நூற்றாண்டில் பாபிலோனில் போதித்த ராவ் ஹூனா என்பவர், பாஸ்கு இரவின் இரண்டு சமைத்த பதார்த்தங்களாகக் கீரைவகை ஒன்றையும் அரிசியையும் குறிப்பிட்டதாகத் தல்மூது என்னும் நூல் சொல்லுகிறது.

பின் அரிசியை விலக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது? 13-ம் நூற்றாண்டுப் பிரான்சு தேசத்தில் அது எழுத்தில் தென்படுகிறது. பருப்பு வகைகளைத் தானியத்தைப்போலவே கூழாகச் சமைக்கிறார்கள். ஒன்றின் மா மற்றொன்றின் மாவைப்போலிருக்கிறது. களஞ்சியத்திலும் கோணியிலும் ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடும். அறியாதவர்கள் ஏமாந்து கட்டளையை மீறிவிடாதபடி இவற்றையும் விலக்கி வைப்போம் என்றார்கள். அதாவது, இது வயலைச் சுற்றி இட்ட வேலி. வேலி வேறு, வயல் வேறு.

அந்த நாளிலேயே எல்லோரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. கோர்பேய் நகரத்து ராபி ஈசாக் இந்த வழக்கத்தை ஆதரித்தார். அவருடைய குருவும் மாமனாருமாகிய பாரீஸ் நகரத்து ராபி யெகியேல் பாஸ்கு நாட்களில் வெள்ளை அவரையை உண்டுவந்தார். மாமனும் மருமகனும் இப்படி வேறுபட்டிருந்தார்கள்! பலேஸ் நகரத்து ராபி சாமுவேலோ இதைத் தவறான வழக்கம் என்றே சொன்னார். ஆயினும் ஜெர்மனி, போலந்து நாட்டு யூதர்களாகிய அஷ்கெனாசிகளிடத்தில் வழக்கம் வேரூன்றிவிட்டது. ஸ்பெயின் வழிவந்த செபர்திகளிடத்திலும் கீழ்நாடுகளிலும் பெரும்பாலும் அது பரவவில்லை. நமக்கு அருகாமையிலுள்ள கொச்சியிலும் யூதர்கள் பாஸ்குவில் சோறு உண்டுவந்தார்கள்.

16-ம் நூற்றாண்டில் கலிலேயாவின் சாபெத் நகரில் வாழ்ந்த ராபி யோசேப் காரோ ஒரு சட்டநூல் எழுதினார். அது 1565-ல் வெனிஸ் நகரில் அச்சாயிற்று. “ஆயத்தமான பந்தி” என்று அதன் பெயருக்குப் பொருள். அதில் அரிசியும் பருப்பும் ஆகும் என்று தீர்த்தார். போலந்தின் கிராக்கோவ் நகரத்து ராபி மோசே இஸ்ஸெர்லெஸ், எங்கள் நாட்டார் இவற்றை விலக்குகிறார்கள், அதை மாற்றலாகாது என்று அதற்குக் குறிப்பு எழுதினார். அக்குறிப்புகளுக்குப் “பந்தி விரிப்பு” என்று பெயர். பந்தியும் விரிப்புமாக இருவர் வாக்கும் இன்றுவரை ஒரே பக்கத்தில் அச்சாகி வருகின்றன. ஒருவர் வாக்கு மற்றவர் வாக்கை அழித்துவிடவில்லை.

இனி நம் தம்பதிகளிடம் வருவோம். அவர்களுக்கு எளிதாகத் தோன்றும் விடைகள் இரண்டு.

“கடினமானதையே கைக்கொள்வோம், அதில் ஆபத்தில்லை” என்பது முதல் விடை. பார்வைக்குப் பக்தியாகத் தோன்றும். ஆனால் ஆகும் என்றிருப்பதை ஆகாது என்று சொல்வதும் பிழையே. அவன் தாய் பொறுக்கி வைத்த அரிசியைப் புளிப்பென்று பழிப்பது பக்தியல்ல, அபாண்டம். திருநாளில் களிகூர வேண்டும் என்பதும் வேத கட்டளை என்பதை மறக்கலாமா? என் கண்டிப்பின் பாரத்தை நானே சுமந்தால் அது தவம். அடுத்தவர் தலையில் ஏற்றினால் அது வேறொன்று.

“கட்டளையில் இல்லாதது நமக்கெதற்கு? எளிதானதே போதும்” என்பது இரண்டாம் விடை. இதற்குத் தல்மூதிலேயே ஒரு மறுமொழி உண்டு. பேத்சான் ஊரார் வெள்ளிக்கிழமைகளில் தீர் நகரிலிருந்து சீதோனுக்குப் போவதில்லை என்று ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். அவர்கள் மக்கள் ராபி யோகனானிடம் வந்து, எங்கள் தகப்பன்மாருக்கு வசதி இருந்தது, எங்களுக்கு இல்லையே என்று முறையிட்டார்கள். அவர்கள் ஏற்றுக்கொண்டது உங்களையும் கட்டும் என்றார் அவர். தந்தையின் போதனையைக் கேள், தாயின் படிப்பினையைத் தள்ளிவிடாதே என்னும் பழமொழி ஆகமத்தின் கருத்தையே அதற்கு ஆதாரமாகக் காட்டினார்.

ஆழமான வார்த்தை இது. வழக்கம் நம்மைக் கட்டுவது அதன் காரணம் பலமாயிருப்பதால் மட்டுமல்ல. அதை நம் கையில் தந்தவர்கள் நம்மைப் பெற்றவர்களாதலால். நம் காலத்தில் அரிசி மூட்டையில் கோதுமை கலப்பது அபூர்வம். ஆனாலும் பாட்டி கடைப்பிடித்ததைப் பேத்தி ஒரு சிரிப்போடு உதறிவிட்டால் அங்கே உடைவது வேலி மட்டுமல்ல. கன்சர்வேட்டிவ் என்னும் யூத பிரிவாரின் சட்டக்குழு 2015-ம் ஆண்டில் இவற்றை எல்லோரும் உண்ணலாம் என்று இசைவு தந்த பின்னும், அப்பிரிவிலேயே பலர் தொடர்ந்து விலக்கி வருகிறார்கள். கடமை தளர்ந்த இடத்தில் அன்பு நிற்கிறது.

ஆயினும், ஒரு கேள்வி மிஞ்சுகிறது. தந்தையையும் கேள், தாயையும் தள்ளாதே என்றால், தந்தை வழி ஒன்றும் தாய் வழி வேறொன்றுமாக இருக்கும் வீட்டில் என்ன செய்வது? வழக்கங்களைப்பற்றிப் பேசுமிடத்தில் மிஷ்னா என்னும் பழைய நூல் ஓர் எல்லையைக் கற்பிக்கிறது. ஊர் விட்டு ஊர் போகிறவன் இரண்டு ஊர்களின் கண்டிப்பையும் மதிக்கட்டும். ஆனால் சச்சரவுக்கு இடமாகும்படி வேறுபட்டு நடக்கவேண்டாம் என்பது அதன் கருத்து. வழக்கத்தைக் காக்கப் புறப்பட்டுச் சமாதானத்தை இழப்பது, வேலியைக் காக்க வயலை மிதிப்பதாகும்.

சமாதானத்தைவிடவும் உயர்ந்த ஒன்றுக்காகக் கட்டளையே வழிவிட்ட நாளும் உண்டு. 1944-ம் ஆண்டுப் பாஸ்குவின்போது பெர்கன்-பெல்சன் சிறை முகாமில் புளியாத அப்பம் கிடைக்கவில்லை. கிடைத்த ரொட்டியை மறுத்தால் சாவு. அங்கே அடைபட்டிருந்த ஹாலந்து நாட்டு ராபிகள், உயிரைக் காப்பதும் கட்டளையே என்று தீர்த்து, ரொட்டியை உண்ணுமுன் சொல்ல ஒரு ஜெபத்தையும் இயற்றினார்கள். உண்ணவேண்டியதை உண்ண முடியாத மனவேதனையைச் சொல்லி, அடுத்த ஆண்டேனும் முறைப்படி அனுசரிக்கும் வரம் கேட்கிறது அந்த ஜெபம். அவர்கள் கட்டளையை அற்பமாக எண்ணவில்லை, கண்ணீரோடு உண்டார்கள். கட்டளையே உயிருக்கு வழிவிடுமானால், வேலி ஒரு தாயின் மனத்துக்கு வழிவிடலாகாதா?

உற்றுப் பார்த்தால் வேலியிட்டவர்களே அதில் வாசலும் வைத்திருக்கிறார்கள். பருப்பு வகைகளை உண்ணாத அஷ்கெனாசிகள் அவற்றை வீட்டில் வைத்திருக்கலாம். தவறி ஒரு மணி குழம்பில் விழுந்தாலும் குழம்பு கெட்டுவிடாது. நோயாளிக்கும் குழந்தைக்கும் தேவையானால் கொடுக்கலாம். செபர்தி வீட்டுப் பானையில் சமைத்த மற்ற உணவை அவர்கள் உண்ணலாம் என்று ராபிகள் பலர் இசைவு தந்திருக்கிறார்கள். ஆகவே மாமியார் வந்து அமரத் தடையில்லை. சோற்றுக்கு அருகே அவளுக்காகக் கிழங்கும் இறைச்சியும் இருந்தால் போதும்.

மணமான பெண் புருஷன் வீட்டு வழக்கத்தைப் பின்பற்றலாம் என்பது பழைய முறை. நியூயார்க் நகரின் ராபி மோசே பைன்ஸ்டீன் போன்றோரும் அப்படியே தீர்த்தார்கள். அவ்வாறு அவள் சோறு உண்டால் பாட்டியை மறந்தவளாக மாட்டாள். பாட்டி கட்டிக்காத்தது அவரைப் பருப்பை அல்ல, பாஸ்குவை. மனைவியின் மனம் நோகிறதென்று கணவன் அந்த வாரம் சோற்றை விட்டுவிட்டாலும் அவன் தாய் பாவியாகிவிட மாட்டாள். அரிசி ஆகாததென்பதனால் அல்ல, அன்பினால் விடுகிறான். எதைத் தெரிந்துகொண்டாலும், திருநாளுக்கு முன்பே அமர்ந்து பேசி, தங்கள் ராபியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். பந்தியில் பானை திறந்த பிறகு வாதாட வேண்டாம்.

பாஸ்கு இரவின் ஜெபங்களில், பசித்தவர் எவராயினும் வந்து உண்ணட்டும் என்ற அழைப்பு உண்டு. அந்த அழைப்பை வாயால் சொல்லிவிட்டு, எதிரே அமர்ந்திருப்பவரின் தட்டைக் கோணிய முகத்தோடு பார்க்கலாமா? “இது கட்டளையா, முன்னோர் இட்ட வேலியா, அல்லது என் பிடிவாதமா?” என்று தன்னைத்தானே முதலில் கேட்டுக்கொள்கிறவன் வீட்டில் இரண்டு வழக்கங்களுக்கும் இடமிருக்கும், பந்தி ஒன்றாகவே இருக்கும்.