கேட்பவரும் வாசகரே

ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது, நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் 1931ஆம் ஆண்டில் வெளியிட்ட ஐந்து விதிகளுள் இரண்டாவதாகும். எழுத்தறியாத இரண்டு வயதுக் குழந்தையும், அக்குழந்தையை மடியில் இருத்தியிருக்கும் எழுத்தறியாத பாட்டியும் இவ்விதி கூறும் வாசகருள் அடங்குவரா என்பது நூலக நிர்வாகத்தைச் சார்ந்த ஐயமாகத் தோன்றினும், அறிவு எங்கே தொடங்குகிறது என்னும் மெய்யியல் வினாவே அதன் அடியில் உள்ளது.

சைவ சித்தாந்தம் ஞானத்தின் படிகளைக் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என நான்காக வகுக்கிறது. சிந்தித்தல் கேட்டதைத் தனக்குள் ஆராய்வது. தெளிதல் ஐயம் நீங்குவது. நிட்டை அப்பொருளிலேயே நிலைபெறுவது. இம்மூன்றும் ஒருவர் தமக்குள்ளே நிகழ்த்துபவை. முதற்படியாகிய கேட்டலுக்கோ இன்னொருவரின் குரல் தேவைப்படுகிறது. திருக்குறளில் கல்லாமை அதிகாரத்தை அடுத்துக் கேள்வி அதிகாரம் அமைந்திருப்பதும், எழுத்து வாய்க்காதவருக்கும் அறிவின் வாயில் அடைபடவில்லை என்பதை உணர்த்துகிறது. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் ஒருவர் கந்தபுராணத்தைப் படிக்க மற்றொருவர் பொருள் சொல்லும் புராண படனம் என்னும் மரபில், சுற்றியிருந்து கேட்பவர்களுக்காகவே ஏடு விரிக்கப்படுகிறது.

பொருள் விளங்காமல் கேட்பது வெறும் ஒலியைக் கேட்பதே என்றும், மெய்யான வாசிப்பு தனிமையில்தான் கூடும் என்றும் இதற்கு மறுப்புக் கூறலாம். ஆயினும் தமிழில் ‘கேள்வி’ என்னும் ஒரே சொல் செவியால் கொள்வதையும் வினவுவதையும் குறிக்கிறது. கதை கேட்கும் குழந்தை இடைமறித்து “ஏன்?” என்று வினவும் கணத்தில், கேட்டல் சிந்தித்தலாகத் திரும்புகிறது. விடையளிக்கும் பெற்றோரும் தாம் அறிந்ததாகக் கருதியதை மீண்டும் எண்ணிப் பார்க்க நேர்வதால், அறிவு ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் செல்லும் பொருளாக மட்டும் நின்றுவிடுவதில்லை.

கொல்லிமலை அறப்பளீசுரரை விளித்து அம்பலவாணக் கவிராயர் பாடிய அறப்பளீசுர சதகமும் கேட்பவர் ஒருவரை முன்னிறுத்தியே அறம் உரைக்கிறது. சதகம் என்பது நூறு பாடல்களால் ஆகிய நூல். அம்மலையின் அடிவாரத்தில் சந்தையால் பெயர்பெற்ற பேளுக்குறிச்சி போன்ற ஊர்களில், உழைப்பில் பொழுது கழியும் குடும்பங்கள் நூலகத்தைத் தேடி வரட்டும் எனக் காத்திருப்பதைவிட, நூலகம் அவர்களை நாடிச் செல்வதே பொருத்தம். 1931இல் மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டுவண்டியில் நூல்கள் ஊர்ஊராகச் சென்றன. தன்னார்வலர்கள் வீடுதேடி நூல் கொண்டுசெல்லும் தமிழ்நாட்டின் நூலக நண்பர்கள் திட்டம் அவ்வழியிலேயே செல்கிறது.

எனினும் நூல் வாயிற்படியை அடைவதோடு விதி நிறைவேறுவதில்லை. பள்ளி செல்லும் அக்காள் உரக்கப் படிக்க, தம்பி படத்தைத் தொட்டு வினவ, பாட்டி தாம் அறிந்த கதையால் விடை சொல்லும்போது, நூலகப் பதிவேட்டில் ஒருவர் பெயரில் எடுக்கப்பட்ட ஒரு நூலுக்கு மூன்று வாசகர்கள் உண்டாகிறார்கள். அவர்களுள் இருவர் எழுத்தறியாதவர்.