யாரிடம் கேட்கலாம்?

கோயிலோ பள்ளியோ ஊர்ச் சங்கமோ, நிதி வேண்டுமென்றால் சிங்கப்பூரில் ஒரு கேளிக்கைச் சந்தை போட்டுக் கூப்பன் விற்பது பழைய வழக்கம். பிரியாணிக்குச் சற்றுக் கூடுதல் விலை, மிஞ்சுவது நிதிக்கு. சாப்பிட்டுவிட்டுக் கொடுப்பது கொடையாகுமா என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. கொடுத்தவர் வயிறு நிறைந்ததால் ஒரு பிள்ளையின் படிப்புக்குப் போகும் காசு கெட்டுவிடாது. யாரிடம் கேட்கலாம் என்பதே கடினமான கேள்வி.

1950களில் ‘தமிழ் முரசு’ நாளிதழை நடத்திய கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதியைத் திரட்டினார். அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய இயல் துறைக்குத் தமிழ் நூலகம் அமைப்பதற்காக. ஆளுக்கு ஒரு வெள்ளி, உழைப்பாளிகளும் கொடுத்தார்கள். அவர்களில் பலருக்கு அந்த நூலகப் படியேற வாய்ப்பே இல்லை. துறையும் பின்னர் கோலாலம்பூருக்குப் போய்விட்டது. அதே காலத்தில் சீன மொழி நன்யாங் பல்கலைக்கழகத்துக்காக டிரைஷா ஓட்டிகள் தங்கள் ஒருநாள் வருமானத்தையே தந்தார்கள். ஏழையிடம் வாங்கியது தவறென்று இன்று சொல்வது எளிது. ஆனால் அந்த ஒரு வெள்ளி கொடுத்தவருக்கு, ‘இது எங்களுடையது’ என்று சொல்லும் உரிமை வந்தது. இலவசமாகப் பெற்றிருந்தால் அது வந்திருக்காது.

1991இல் தொடங்கிய சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவுக்கு இந்தியர்களின் சம்பளத்திலேயே பிடித்தம். 2015இல் வந்த அளவுப்படி, வருமானத்துக்கேற்ப மாதம் 1 முதல் 30 வெள்ளி வரை. விருப்பமில்லாதவர் படிவம் கொடுத்து விலகலாம். மேலதிகாரியே கூப்பன் புத்தகத்தோடு வந்து நின்றால் மறுக்க எத்தனை பேரால் முடியும்? அந்த வகையில் பிடித்தம் நாகரிகமானது. ஆனால் சம்பளச் சீட்டில் ஒரு வரியாகக் கழியும் பணம் கொடுத்தவர் நினைவில் தங்குவதில்லை. ஆண்டறிக்கையைத் தேடிப் படிப்பவர் எத்தனை பேர்? கூப்பன் வாங்கியவரோ, கோழித்துண்டு சிறுத்திருந்தால்கூடச் செயலாளரைப் பிடித்துக்கொள்வார்.

வேலை அனுமதியில் வந்த தொழிலாளர்கள் இந்தப் பிடித்தத்தில் இல்லை. கடன்பட்டு விமானம் ஏறியவரிடம் கை நீட்டாதது நியாயமே. ஆனால் ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவின் தேக்காவை நிரப்பும் அவர்கள், சமூக நிகழ்ச்சிகளில் பெரும்பாலும் உணவுப் பொட்டலம் வாங்கிக்கொண்டு படத்துக்கு நிற்பவர்களாகவே தென்படுகிறார்கள். அவர்களிடமும் இரண்டு வெள்ளிக் கூப்பனை நீட்டலாம். முதலாளியோ மேற்பார்வையாளரோ பக்கத்தில் இல்லாதபோது, ‘வேண்டாம்ணே’ என்று சொல்லிவிட்டுச் சங்கடமின்றி நகர இடம் விட்டு. வாங்கினால், கணக்கு வாசிக்கும் கூட்டத்தில் அவர்களுக்கும் நாற்காலி போட வேண்டியிருக்கும். அதற்குச் சங்கங்கள் தயாரா என்பதில்தான் சந்தேகம்.