கலையிற் கடனும் தனித்துவமும்

கலைஞன் ஒருவன் பிறரிடமிருந்து பெற்றுக்கொள்வதைக் கடன் என்பதா, களவு என்பதா? தனித்துவத்தையே கலையின் தலையாய விழுமியமாகக் கொள்வோர், பிறர் செல்வாக்கைக் குறைபாடாகவே கருதுவர். எதிர்முனையில் நிற்போரோ, யாவும் மரபின் வழி வந்தனவே. ஆதலின் எவரும் எவருக்கும் கடன்பட்டவரல்லர் என்பர். பெற்றுக்கொண்டவனுக்கு அதன் காரணமாக ஏற்படும் கடமை யாது என்ற வினாவை இவ்விரு சாராருமே தவிர்த்துவிடுகின்றனர். ஒல்லாந்து நாட்டு அரூப ஓவியரான பீற் மொன்ட்றியனின் (1872–1944) வளர்ச்சி இவ்வினாவை ஆராய்வதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

தொடக்கத்தில் அவர் தம் நாட்டின் ஆறுகளையும் காற்றாலைகளையும் மரங்களையும் வரைந்தவர். 1911 இல் அம்ஸ்ரடாமில் நடைபெற்ற கண்காட்சி ஒன்று, பிக்காசோ, பிராக் ஆகியோரின் கியூபிச ஓவியங்களை அவர் கண்முன் நிறுத்தியது. அடுத்த ஆண்டே அவர் பாரிசிற் குடியேறினார். 1911 இல் வரைந்த ‘சாம்பல் மரம்’ என்னும் ஓவியத்தில் அடிமரமும் கிளைகளும் இன்னும் மரமாகவே நிற்கின்றன. 1912 இல் வரைந்த ‘பூத்த அப்பிள் மரம்’ ஓவியத்திலோ மரம் வளைகோடுகளுட் கரைந்துவிடுகின்றது. இக்காலத்து ஓவியங்களின் சாம்பலும் மண்ணிறமும் பாரிஸ் கியூபிசத்தின் நிறங்களே. ஆயின், இது வெறும் போலச்செய்தலாக முடிந்துவிடவில்லை. பிக்காசோவும் பிராக்கும் கித்தாரையும் போத்தலையும் முற்றாகக் கைவிட்டாரல்லர். கியூபிசம் தன் கண்டுபிடிப்பின் தருக்கரீதியான முடிவை ஏற்கவில்லை என மொன்ட்றியன் பிற்காலத்தில் எழுதினார். கடன் தந்தவர் தரித்துநின்ற இடத்திலிருந்து அவர் மேலே நடந்தார். சாயலைத் திருப்பிக் கொடுப்பதனாற் கடன் தீர்வதில்லை. பெற்ற உண்மையை அதன் எல்லைவரை கொண்டு செல்வதனாலேயே தீர்கின்றது.

1914 இல் தாயகம் சென்றிருந்த மொன்ட்றியன், போர் மூண்டமையாற் பாரிசுக்குத் திரும்ப முடியாதவரானார். 1916 அளவில், அடிப்படை நிறங்களைத் தட்டையாகவும் துல்லியமாகவும் தீட்டிய பார்ட் வான் டெர் லெக் என்னும் ஓவியரின் தொடர்பு அவருக்குக் கிட்டியது. கருங்கோடுகளும் சிவப்பு, மஞ்சள், நீலம் என்ற மூன்று நிறங்களும் கொண்ட அவரது பாணி 1920களில் நிலைபெற்றது. வான் டெர் லெக்கின் நுட்பம் தம்மைப் பாதித்ததென அவர் அச்சில் ஒப்புக்கொண்டது 1932 இலாகும். அப்போது வாளாவிருந்திருப்பினும் அவருக்கு இழப்பொன்றும் நேர்ந்திராது. இழப்பு நேராத இடத்திலும் உண்மை கூறுவதே அறம் என்பது மனங்கொள்ளத்தக்கது.

பிறரிடம் பட்ட கடனிலும் கடினமானது, தன் சொந்தப் பழமையின் பிடியாகும். 1938 இல் இலண்டனுக்கும் 1940 இல் நியூயோர்க்கிற்கும் இடம்பெயர்ந்த மொன்ட்றியன், ஐரோப்பாவில் வரைந்த ஓவியங்கள் பலவற்றை அங்கு மீண்டும் திறந்து திருத்தினார். சிலவற்றில் இரண்டு ஆண்டுகளைப் பொறித்தார். ‘புரோட்வே பூகி-வூகி’ (1942–43) ஓவியத்தில் இரு தசாப்தங்களாக அவரது அடையாளமாயிருந்த கருங்கோடுகள் மறைந்து, சிறுசிறு நிறச்சதுரங்கள் துடிப்புடன் ஓடுகின்றன. ‘விக்டரி பூகி-வூகி’யில் நிறநாடாத் துண்டுகளை ஒட்டியும் இடம் மாற்றியும் முடிவு காணாமலே, 1944 பெப்ரவரியில் அவர் மறைந்தார். எழுபது வயதை எட்டிய ஒருவர் தாமே இயற்றிய விதியைத் தாமே தளர்த்தியமை, தனித்துவம் காவல்காக்க வேண்டிய சொத்தன்று என்பதை உணர்த்துகின்றது.

எனினும், இங்கு ஒரு நெருடல் உண்டு. பூகி-வூகி என்பது கறுப்பின அமெரிக்கர் வளர்த்த பியானோ இசை. அதன் பெயரை மொன்ட்றியன் தம் ஓவியத் தலைப்பிலேயே பொறித்தது நேர்மையான செயலே. ஆயின், அது ஓர் இசைவகையின் பெயரேயன்றி மனிதரின் பெயரன்று. சக ஓவியருக்குப் பெயர் சொல்லிக் கிடைத்த நன்றி, அவ்விசையை வாசித்தவர்களுக்கு அத்தலைப்பிற் கிட்டவில்லை. கடன் தந்தவர் சமூகத்திற் கீழே வைக்கப்பட்டவராயின், நன்றியும் பொதுப்பெயராகச் சுருங்கிவிடுகின்றது. ஒரு மனிதரின் குறையாக மாத்திரம் இதனைக் கொள்ளலாகாது. கலை வரலாறு எழுதப்பட்ட முறையின் குறையுமாகும்.

எனவே, ‘இது யாருடைய சாயல்?’ என்று கேட்பதுடன் திறனாய்வு நின்றுவிடலாகாது. பெற்றதைக் கலைஞன் எவ்வளவு தூரம் கொண்டு சென்றான், தந்தவரை எப்பெயராற் குறித்தான் என்பனவும் கேட்கப்படவேண்டும். கல்விக்கும் இது பொருந்தும். ஆசானின் முடிவை ஒப்புவிப்பவனும், ஆசானையே மறைப்பவனும் கடன் தீர்த்தவராகார். அவர் நிறுத்திய இடத்தை அறிந்து, அவர் பெயரைச் சொல்லி, அங்கிருந்து நடப்பவனே தீர்த்தவனாவான்.